திருக்கழுக்குன்றத்தில் மறைந்த உ.வே.சா.: இத்தாலி மறுமலர்ச்சிக்கும் நம்ம ஊர் ஓலைச்சுவடிக்கும் என்ன தொடர்பு?

கல்பாக்கம் பக்கத்து அணுபுரத்தில் இருந்து செங்கல்பட்டு நோக்கிப் போனால், கொஞ்ச நேரத்தில் ஒரு மலை கண்ணில் படும். உச்சியில் வேதகிரீஸ்வரர் கோயில். கீழே சங்கு தீர்த்தக் குளம். ஒரு காலத்தில் தினமும் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போன இடம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதுதான் திருக்கழுக்குன்றம்.

இந்த ஊருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1942 ஏப்ரல் 28 அன்று, 87 வயது முதியவர் ஒருவர் இங்கேதான் காலமானார். இரண்டாம் உலகப் போர் நேரம் அது. அந்த மாதம் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாக ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. அடுத்து சென்னைதான் என்ற பயத்தில் நகரமே காலியானது. அப்படி ஊரை விட்டு இங்கே வந்து தங்கியவர்தான் அந்த முதியவர்.

அவர் உ.வே.சாமிநாதையர். நாம் தமிழ்த் தாத்தா என்று சொல்கிறோமே, அவரேதான்.

அவர் பிறந்த நாளான பிப்ரவரி 19, தமிழ் இலக்கிய மறுமலர்ச்சி நாளாகக் கொண்டாடப்படும் என்று தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. மறுமலர்ச்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இத்தாலி, டாவின்சி, மைக்கேலாஞ்சலோ. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். அந்த வார்த்தையை ஏன் கும்பகோணத்தில் பாடம் நடத்திய ஒரு தமிழ் வாத்தியாருக்கு வைத்தார்கள்? சும்மா மரியாதைக்கா, இல்லை உண்மையிலேயே ஒற்றுமை இருக்கிறதா?

முதலில், இத்தாலியில் என்ன நடந்தது?

ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியத்தில் மட்டும் தொடங்கவில்லை. அதன் பெரிய வேர், பழைய புத்தகங்களைத் தேடிப் போன சில மனிதர்களிடம் இருக்கிறது. அவர்களை மானுடவாதிகள் என்று வரலாறு அழைக்கிறது. மனிதநேயம் என்று நாம் சொல்வது வேறு, இது வேறு. இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, ஒழுக்கவியல் ஆகிய ஐந்தையும் பழைய லத்தீன், கிரேக்க நூல்களில் இருந்து நேராகப் படித்தால் மனிதன் மேம்படுவான் என்று நம்பியவர்கள் இவர்கள்.

1345-ல் பெட்ரார்க் என்ற கவிஞர், வெரோனா நகரத்து நூலகத்தில் ரோமானிய அறிஞர் சிசெரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1416-ல் போஜியோ என்பவர், சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தில் தூசிக்குள் கிடந்த குவின்டிலியனின் முழு நூலை எடுத்து நகல் எழுதினார். 1440-ல் லோரென்சோ வல்லா இன்னும் ஒரு படி மேலே போனார். போப்பாண்டவருக்கு கான்ஸ்டன்டைன் பேரரசர் நிலம் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் போலி என்று, அதில் உள்ள லத்தீன் நடையை வைத்தே நிரூபித்தார். அந்தப் பேரரசர் காலத்தில் இல்லாத சொற்கள் அதில் இருந்தன. மாட்டிக்கொண்டது.

இவர்கள் கடவுளை மறுத்தவர்கள் இல்லை. போஜியோ போப்பின் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். ஆனால் மூன்று பழக்கங்களை விடவில்லை.

ஒன்று, யாரோ சொன்னதை நம்பாமல் மூல நூலுக்கே போவது. இரண்டு, பல பிரதிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைக் கண்டுபிடிப்பது. மூன்று, வேறு நம்பிக்கைக்காரர் எழுதியது என்றாலும் அதை மதித்துப் படிப்பது. சிசெரோ கிறிஸ்தவர் இல்லையே!

இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு, இப்போது கும்பகோணம் பக்கம் வருவோம்.

சாமிநாதன் ஆன வேங்கடராமன்

1855 பிப்ரவரி 19 அன்று, கும்பகோணம் பகுதியில் உள்ள சூரியமூலையில், அம்மா வழி தாத்தா வீட்டில் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசம் அருகே உத்தமதானபுரம். அப்பா வேங்கட சுப்பையர் சங்கீதக்காரர். கதை சொல்லி, பாடி, கிடைத்த வருமானத்தில் குடும்பம் ஓடியது. நிலையான சம்பளம் கிடையாது. ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார்கள்.

பையன் சங்கீதத்தில் வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ தமிழ் மேல் பித்து. ஒவ்வொரு ஊரிலும் யாருக்குத் தமிழ் தெரியுமோ அவரிடம் போய் உட்கார்ந்துவிடுவார். கடைசியில் அப்பாவே மனசு மாறி, மாயவரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அழைத்துப் போனார். அப்போது உ.வே.சா.வுக்குப் பதினாறு வயது.

வேங்கடராமன் என்ற பெயரை சாமிநாதன் என்று மாற்றியது பிள்ளை அவர்கள்தான். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார் மாணவர். அது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். தமிழுக்காகக் கொடுத்த முதல் விலை என்று அதைச் சொல்லலாம்.

பிள்ளை அவர்கள் சைவ மடத்தின் வித்துவான். ஆனாலும் அவரிடம் கிறிஸ்தவ மாணவரும் படித்தார், நாகூர் குலாம் காதிறு நாவலர் போன்ற முஸ்லிம் மாணவரும் படித்தார். உ.வே.சா. பிறகு எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம்.

1876 பிப்ரவரி 1-ல் பிள்ளை மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர், மாணவரை மடத்திலேயே வைத்துப் பாடம் சொன்னார். 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. வறுமையில் வளர்ந்த குடும்பத்துக்கு நிலையான சம்பளம். இத்துடன் கதை நின்றிருந்தால் நாம் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

1880 அக்டோபர் 21: ஒரு கேள்வி

கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். இங்கிலீஷ் படித்தவர், தமிழிலும் ஆழம் உள்ளவர். அவரை மரியாதை நிமித்தமாகப் பார்க்கப் போனார் உ.வே.சா.

என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று உ.வே.சா. அடுக்கினார். பட்டியல் நீளமானது. முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதெல்லாம் பிற்காலத்து நூல்கள்தானே, இவற்றுக்கு மூலமான பழைய நூல்கள் எதுவும் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி தெரியுமா என்று கேட்டுவிட்டார்.

உ.வே.சா. அதைப் படித்ததில்லை. படித்தவர் யாரையும் பார்த்ததும் இல்லை.

பல வருஷம் படித்து, கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவருக்கு இது சாதாரண அடி இல்லை. கோபப்பட்டிருக்கலாம். முன்சீப்புக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஏட்டைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்றார். முதலியார் கொடுத்தார்.

சமணர் வீட்டு வாசலில் ஒரு சைவர்

சீவகசிந்தாமணி, திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் எழுதிய காப்பியம். 3,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். நச்சினார்க்கினியர் உரை இருந்தும், உள்ளே போகப் போக விளங்கவில்லை. காரணம் சொற்கள் மட்டும் இல்லை. சமண மதக் கருத்து தெரியாமல் அந்த நூலைத் திறக்கவே முடியாது.

சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அதை யார் சொல்லித் தருவார்கள்? சைவ மரபிலோ இந்த நூல் மேல் ஒரு விலக்கு இருந்தது. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததால்தான், அதற்கு மாற்றாகச் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்று ஒரு மரபுக் கதையே உண்டு.

கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் வாழ்வது உ.வே.சா.வுக்குத் தெரிய வந்தது. ஒரு நாள் அங்கே போனால், வீட்டில் தோரணம் கட்டி விசேஷமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியைப் படித்து முடித்த கொண்டாட்டம் என்றார்கள்!

தமிழ் வித்துவான்கள் மறந்துபோன நூலை, ஒரு சிறு சமூகம் தன் வீட்டுக்குள் விடாமல் படித்துக்கொண்டே வந்திருக்கிறது. உ.வே.சா. அங்கேயே மாணவராக உட்கார்ந்தார். சந்திரநாத செட்டியார் போன்ற சமண அன்பர்கள் ஐயங்களைத் தீர்த்தார்கள்.

அந்தக் காலத்து ஆசாரமான சைவ பிராமணர் ஒருவர், கல்லூரி ஆசிரியர் என்ற பெயரோடு, இன்னொரு மதத்தவரிடம் போய் எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறார். பெட்ரார்க்கும் போஜியோவும் சிசெரோவிடம் போன அதே மனநிலைதான். ஆனால் ஒரு வித்தியாசம். சிசெரோ செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இங்கே சமணர்கள் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தார்கள்.

ஓலையைப் படிப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

ஏட்டை எடுத்தோம், அச்சுக்குக் கொடுத்தோம் என்று முடிகிற வேலை இல்லை இது. ஏன்?

ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒ, ஓ-வும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் இருக்காது. இதற்கு மேல் ஓரம் ஒடிந்திருக்கும், நடுவில் பூச்சி அரித்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம ஊர் வெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுகள்தான் தாங்கும். அதற்குள் யாராவது புது ஓலையில் நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் பிழை சேரும். நகல் எடுப்பது ஒரு தலைமுறையில் நின்றால், நூலின் கதையும் அதோடு சரி.

அதனால் ஒரே நூலுக்குப் பல ஊர்களில் இருந்து ஏடுகளை வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட்டார். எது எதில் எப்படி மாறுகிறது என்று குறித்தார். வேறு வழி இல்லாத இடத்தில், தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. எராஸ்மஸ் 1516-ல் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது செய்ததும் இதே ஒப்பிடும் வேலைதான். உ.வே.சா.வுக்கு இங்கிலீஷே தெரியாது. எராஸ்மஸைப் படித்து இதைச் செய்யவில்லை. பழுதான பிரதிகள் முன்னால் நேர்மையான ஒரு ஆள் உட்கார்ந்தால், எந்த ஊரிலும் போய்ச் சேரும் வழி இதுவாகத்தான் இருக்கும்.

1887-ல் சீவகசிந்தாமணி உரையோடு வெளிவந்தது. முன்சீப்பின் கேள்விக்கு ஏழு வருஷம் கழித்துப் பதில்.

ஒரு நூல் காட்டிய பல நூல்கள்

சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் நிறைய மேற்கோள் காட்டுகிறார். பல இடங்களில் அந்த வரி எந்த நூல் என்று சொல்லவே மாட்டார். அந்த வரிகள் உ.வே.சா.வை விடவில்லை. மடத்து ஏடுகளைப் புரட்டியபோது, பெயர் தெரியாத பழைய பாடல்களில் அதே வரிகள் தட்டுப்பட்டன. அவைதான் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை. நாம் இன்று சங்க இலக்கியம் என்று சொல்வது.

பிறகு வரிசையாக வந்தன. பத்துப்பாட்டு 1889. சிலப்பதிகாரம் 1892. புறநானூறு 1894. மணிமேகலை 1898. ஐங்குறுநூறு 1903. பதிற்றுப்பத்து 1904. பரிபாடல் 1918. குறுந்தொகை 1937-ல், அவருக்கு 82 வயதில்!

இதெல்லாம் ஓய்வு நேர வேலை. பகலில் கல்லூரிப் பாடம். விடுமுறை வந்தால் ஏடு தேடி ஊர் ஊராகப் பயணம். அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டும். அப்படியும் கடன் ஏறும். பாண்டித்துரைத் தேவர் போன்ற சிலர் கைகொடுத்தார்கள்.

தீயில் போனவை, ஆற்றில் போனவை

போன இடமெல்லாம் ஏடு கிடைத்துவிடவில்லை. நெல்லைச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகள் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போனார். அங்கே கிடைத்த பதில், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்பதுதான். சாஸ்திரம் அப்படிச் சொல்கிறதாம்.

பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புனிதமான பொருளைக் குப்பையில் போடக் கூடாது, தீயிலோ நீரிலோ சேர்க்க வேண்டும் என்ற பக்தி. அந்தப் பக்தியாலேயே எத்தனை நூல்கள் போயின என்று கணக்கே கிடையாது.

சில நேரம் அதிர்ஷ்டமும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குவார். உ.வே.சா. கையில் இருந்த ஏடுகளில், அந்த இடத்தில் சில பூக்களின் பெயர் சிதைந்திருந்தது. பூப் பெயர்தானே என்று விடவில்லை. தேடித் தேடி, கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கண்டுபிடித்தார். இன்று பாடப்புத்தகத்தில் 99 பூ என்று படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்த அலைச்சல் இருக்கிறது.

மணிமேகலைக்காகப் பௌத்தம் படித்தவர்

சிந்தாமணிக்காவது கேட்கச் சமணர்கள் இருந்தார்கள். மணிமேகலை பௌத்தக் காப்பியம். விசாரிக்கத் தமிழ்நாட்டில் பௌத்தர்கள் இல்லை. என்ன செய்வது?

கும்பகோணம் கல்லூரியில் கூட வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் என்ற பேராசிரியர் உதவிக்கு வந்தார். பௌத்தம் பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்துத் தமிழில் விளக்கினார். உ.வே.சா. குறிப்பெடுத்தார். 1898-ல் மணிமேகலையோடு, புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றிய உரைநடைப் பகுதிகளும் வெளிவந்தன. வாசகனுக்கும் அந்தக் கஷ்டம் வரக் கூடாது என்ற அக்கறை.

யோசித்துப் பாருங்கள். சைவ மரபுக்காரர் எழுதுகிறார், வைணவர் விளக்குகிறார், நூல் பௌத்தருடையது, பணம் கொடுத்து ஆதரித்தவர் பாண்டித்துரைத் தேவர். ஒரு புத்தகத்தைக் காப்பாற்ற இத்தனை பேர்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சமண, பௌத்த நூலை ஏன் அச்சுப் போடுகிறார் என்று சைவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். பதிப்பில் குற்றம் கண்டுபிடித்துத் துண்டு வெளியீடு போட்டவர்களும் உண்டு. உ.வே.சா. மேடை போட்டுச் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த பதிப்பில் திருத்தம் செய்தார். தன் திருநீற்றையும் விடவில்லை, அந்த நூல்களையும் விடவில்லை.

எல்லாம் இவர் ஒருவரே செய்ததா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை, உ.வே.சா.வுக்கு முன்னாலேயே இந்த வேலையில் இறங்கியவர். 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை ஆகியவை அவர் பதிப்பு. சிந்தாமணியையும் பதிப்பிக்க அவர் விரும்பினார். தன் உழைப்பை விட்டுக்கொடுக்க உ.வே.சா.வுக்கு மனசு வரவில்லை. இருவருக்கும் போட்டி இருந்தது, மரியாதையும் இருந்தது.

நற்றிணையைப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1915-ல் கொண்டுவந்தார். குறுந்தொகைக்கும் உ.வே.சா.வுக்கு முன்பே ஒரு பதிப்பு வந்திருந்தது. சங்க நூல்கள் முழுக்கத் தொலைந்துபோய் ஒருவர் கண்டுபிடித்தார் என்பதும் சரியான சித்திரம் இல்லை. மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் ஏடு இருந்தது. படிக்கிறவர்கள்தான் அருகிப்போயிருந்தார்கள்.

அப்படியானால் உ.வே.சா.வின் தனிச்சிறப்பு என்ன? அளவும் முறையும். ஏட்டை ஒப்பிடுவது, அரும்பதங்களுக்கு அகராதி போடுவது, புலவர், மன்னர், ஊர் என்று வரலாறு சேர்ப்பது, ஒரு நூலைப் புதிய வாசகன் கையில் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று யோசிப்பது. 90-க்கும் மேற்பட்ட நூல்கள் அப்படி வந்தன.

இத்தாலிக்கும் நமக்கும் எங்கே வித்தியாசம்?

ஐரோப்பாவில் பழைய நூல் தேடல் முதலில் தொடங்கியது. அச்சு இயந்திரம் அதற்குப் பின் 1450-களில் வந்து அதைப் பரப்பியது. தமிழில் தலைகீழ். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் 1710-களில் அச்சகம் ஓடியது. திருக்குறள் 1812-ல் அச்சில் வந்தது. ஆனால் சங்க நூல்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் இருந்தது. எதை அச்சிட வேண்டும் என்ற கேள்வி வரவில்லை.

இன்னொன்று, இத்தாலிய மானுடவாதிகளுக்குப் பின்னால் பணக்கார நகரங்களும் பிரபுக்களும் இருந்தார்கள். இங்கே வெள்ளைக்காரன் ஆட்சி. தமிழுக்குப் பழைய இலக்கியம் எதுவும் கிடையாது என்று படித்தவர்களே நினைத்த காலம்.

அந்த நினைப்பைத்தான் இந்தப் பதிப்புகள் உடைத்தன. சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை தெய்வத்தைப் பற்றியவை இல்லை. காதலிக்கிற பெண், மகனைப் போருக்கு அனுப்பும் தாய், பசியில் வாடும் பாணன், ஈகையில் பெயரெடுத்த சிற்றரசன் என்று மனித வாழ்க்கையே பாடுபொருள். மனிதனைப் படிக்கத் தகுந்தவனாக நினைக்கும் இலக்கியம். அந்த விதத்தில், இத்தாலியர் கிரேக்கத்தில் தேடியது தமிழருக்கு வீட்டுப் பரணிலேயே இருந்தது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு 2019-ல் ஐ.நா. சபை வரை ஒலித்தது. அந்தப் பாட்டு 1894-ல் அச்சேறியதால்தான் இந்தப் பயணமே சாத்தியமானது.

நம்ம கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. அதில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகமும், இரவில் கப்பலுக்கு வழி காட்டும் விளக்கும் வருகின்றன. அந்தத் துறைமுகம் இன்றைய மாமல்லபுரம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பல்லவர் சிற்பத்துக்கும் முந்தைய ஒரு கடற்கரையை, அந்த ஏடு நமக்குக் காட்டுகிறது.

பாட்டில் வரும் பெயர்கள் கற்பனையா? 1981-ல் ஜம்பை என்ற ஊரில் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் புறநானூறு பாடும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. ஏடு சொன்னதற்குக் கல் சாட்சி சொன்னது.

கடைசிப் பயணம்

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-ல் மகாமகோபாத்தியாய பட்டம். 1919-ல் ஓய்வு. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதி முடித்தார். தன்னை விட ஆசிரியர் வரலாறு முதலில் வர வேண்டும் என்ற எண்ணம்.

பிறகுதான் தன் கதை. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடராக வரத் தொடங்கியது. வாரா வாரம் மக்கள் காத்திருந்து படித்தார்கள். உத்தமதானபுரத்தில் தொடங்கிய கதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களை நெருங்கியபோது, போர் சென்னை வாசலுக்கு வந்துவிட்டது.

திருவல்லிக்கேணியில் தன் வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்திருந்தார். வேலை வாங்கிக்கொடுத்த தியாகராச செட்டியாரின் நினைவாக. அந்த வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் வந்தார். திரும்பிப் போகவில்லை. என் சரித்திரம் பாதியிலேயே நின்றது. அது 1950-ல் புத்தகமானபோதும் முற்றுப்பெறாத கதையாகவே வந்தது. ஆயிரம் ஏட்டின் குறையைத் தீர்த்தவரின் சொந்தக் கதை, கடைசி ஏடு இல்லாமல் நிற்கிறது.

இன்று நமக்கு என்ன மிச்சம்?

அவர் சேர்த்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் 3,000-க்கு மேல். ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் 1943-ல் அவர் பெயரில் நூலகம் உருவானது. இன்று சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. தியாகராச விலாசம் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. 2012-ல் இடிக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய் மற்றவர் வீட்டு ஏட்டைக் காத்தவரின் வீட்டை, நாம் காக்கவில்லை.

2004-ல் தமிழ் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்தபோது, அதற்கு முதல் ஆதாரமாக நின்றவை இந்தச் சங்க நூல்கள்தான்.

இன்னும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் பரணிலும் பூஜை அறையிலும் ஓலைக் கட்டுகள் இருக்கின்றன. ஜாதகமாகவோ வைத்தியக் குறிப்பாகவோ இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் இருந்தால் எரிக்காதீர்கள், ஆற்றில் விடாதீர்கள், நீங்களே எண்ணெய் தடவிச் சுத்தம் செய்யவும் வேண்டாம். சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரஸ்வதி மகால், உ.வே.சா. நூலகம் போன்ற இடங்களில் காட்டினால், படிக்கத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

ஆக, மறுமலர்ச்சி என்ற வார்த்தை அவருக்குப் பொருந்துகிறதா? பொருந்துகிறது. மூலத்துக்குப் போனார், ஒப்பிட்டுப் பார்த்தார், தன் மதத்துக்கு வெளியே இருந்ததையும் மதித்தார். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் அவர் செய்த ஒன்று இருக்கிறது. 25 வயதில், முன்சீப்பின் வீட்டில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அடுத்த முறை திருக்கழுக்குன்றம் மலை ஏறி இறங்கும்போது, சங்கு தீர்த்தம் பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 87 வயதில் போருக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்த அந்த மனிதர் இல்லையென்றால், நம்ம பாடப்புத்தகத்தில் பாதிப் பக்கம் இருந்திருக்காது.